பேசாத பிள்ளையும் நடத்தைப் பயிற்சியும்

மதுரையிலிருந்து திண்டுக்கல் செல்லும் சாலையில், காய்கறிச் சந்தையால் பெயர் பெற்ற பரவையில் ஒரு குடும்பத்தைச் சில ஆண்டுகளுக்கு முன் சந்திக்கச் சென்றேன். ஆறு வயதுச் சிறுவன், பேச்சு வரவில்லை, அழைத்தால் திரும்பிப் பாரான். ஆலயத்தில் பாட்டுத் தொடங்கியதும் அலறித் தன் மணிக்கட்டைக் கடித்துக்கொள்வான். "ஐயா, இவனுக்குள் ஏதோ புகுந்திருக்கிறது என்கிறார்கள், நீங்கள்தான் சொல்லவேண்டும்" என்றார் தாயார். நான் மாற்கு ஒன்பதாம் அதிகாரத்தை வாசித்து ஜெபித்து, மூன்று நாள் உபவாசமிருக்கச் சொல்லித் திரும்பினேன். அப்பகுதியில் வரும் மகனின் நிலை வலிப்பு நோயை ஒத்தது என்று வகுப்பறையில் கற்பித்தவனே நான். எனினும் அத்தாயிடம் சொல்ல வேறொன்றும் என்னிடம் இருக்கவில்லை. அதனால் ஓராண்டு வீணாயிற்று.

அச்சிறுவனுக்கு இருந்தது ஆட்டிசம். அமெரிக்க மருத்துவர் லியோ கானர் 1943இல் பதினொரு பிள்ளைகளை ஆராய்ந்து இதனைத் தனியொரு நிலையாக விவரித்தார். இது பேயுமன்று, பெற்றோரின் பாவமுமன்று. மூளை வளர்ச்சியில் பிறவியிலேயே அமையும் ஒரு வேறுபாடு. தாயின் அன்புக் குறைவே காரணம் என்று புரூனோ பெட்டல்ஹைம் 1967இல் ஒரு நூலே எழுதினார். ஆட்டிசமுள்ள மகனின் தந்தையான பெர்னார்ட் ரிம்லண்ட் என்னும் உளவியலார் 1964இலேயே அக்கருத்தை மறுத்திருந்தார். எனினும் தாய்மார் பலர் பல்லாண்டுகள் அப்பழியைச் சுமந்தனர். படித்தவர்களின் அறிவியலும் சில வேளைகளில் நம் ஜெபக் குழுக்களைப் போலவே பேசியிருக்கிறது.

நடத்தைப் பயிற்சியின் அடிப்படை எளியது. ஒரு செயலைத் தொடர்ந்து விரும்பத்தக்க பயன் கிடைக்குமாயின் அச்செயல் மீண்டும் நிகழும். ஆகவே கற்கவேண்டியதைச் சிறு படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படிக்கும் உடனே பிள்ளை விரும்பும் ஒன்றை அளித்துப் பயிற்றுவர். கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஐவார் லோவாஸ், வாரம் நாற்பது மணி நேரப் பயிற்சி பெற்ற பத்தொன்பது பிள்ளைகளில் ஒன்பதுபேர் பொதுப் பள்ளியில் பிறரைப் போலவே பயிலும் நிலையை எய்தினர் என்று 1987இல் அறிவித்தார். பெற்றோர் உலகெங்கும் அச்செய்தியைப் பற்றிக்கொண்டனர். ஆனால், பயிற்சிக்குரிய பிள்ளைகளை அவர் சீட்டுக் குலுக்கல் போன்ற முறையில் பிரிக்கவில்லை என்ற குறை அதில் உண்டு. அதனினும் பெரிய குறை, தொடக்க ஆண்டுகளில் அவர் அறைதலையும் மின் அதிர்ச்சியையும் பயன்படுத்தியமை. இப்பயிற்சியில் வளர்ந்து இன்று பெரியவர்களாகிவிட்ட ஆட்டிசமுடையோர் சிலர், தங்களைப் பிறர்போல் நடிக்கவைத்ததே அதன் பயன் என்று கூறுவதும் கேட்கத்தக்கது.

நான் பரவையில் கண்டது வேறு வகை. சிறப்பாசிரியர் ஒருவர் அத்தாயிடம் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்து, பையன் அலறும் ஒவ்வொரு முறையும் மூன்று செய்திகளை எழுதச் சொன்னார்: அதற்கு முன் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், பின்னர் என்ன நடந்தது. இரண்டு வாரங்களில் உண்மை வெளிப்பட்டது. வீட்டில், சந்தை லாரிகளின் ஹாரன் ஒலிக்கும்போது; ஆலயத்தில், ஒலிபெருக்கி போடப்படும்போது. ஒவ்வொரு முறையும் அவனை வெளியே தூக்கிச் சென்றிருந்தார்கள். அப்படியாயின் அந்த அலறல், "என்னை வெளியே கொண்டுபோங்கள்" என்று சொல்ல அவனிடமிருந்த ஒரே சொல். எட்வர்ட் கார், மார்க் டுராண்ட் என்னும் இருவர் 1985இல் வெளியிட்ட ஆய்வும் இதையே உணர்த்திற்று: தொல்லையாகத் தோன்றும் நடத்தை பலவேளை ஒரு வேண்டுகோள், அதே வேண்டுகோளை வேறு வழியில் சொல்லக் கற்பித்தால் அந்நடத்தை குறையும்.

ஆசிரியர் கதவுப் படம் வரைந்த ஓர் அட்டையைச் செய்தார். அதை எடுத்துக் கையில் கொடுத்தால், கேள்வி கேளாமல் அந்நொடியே வெளியே அழைத்துச் செல்லவேண்டும். முதலில் அவன் கையைப் பிடித்துக் கொடுக்கவைத்தனர். பின்பு முழங்கையை மட்டும் தொட்டனர். பின்பு தொடுவதையும் விட்டனர். ஏறத்தாழ இரண்டு மாதங்களில் கடிப்பது பெரிதும் குறைந்தது. அவன் பேசவில்லை, இன்றும் பேசுவதில்லை. குணமாயிற்று என்று நான் சாட்சி சொல்ல இயலாது.

இதற்கெல்லாம் பெரும்பொருள் வேண்டுமே என்று வாசகர் கேட்கலாம். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி 1957இல் பாகாயத்தில் மனநல மையத்தைத் தொடங்கிய நாள்முதல், நோயாளியுடன் குடும்பத்தாரும் தங்கிப் பராமரிப்பில் பங்குகொள்வதை வழக்கமாக்கிற்று. கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் அறுபத்தைந்து பிள்ளைகளிடையே நடந்து 2016இல் வெளிவந்த ஆய்வில், நிபுணரல்லாத சுகாதாரப் பணியாளர்களே பெற்றோருக்கு வழிகாட்டினர். பெற்றோர் பிள்ளையோடு விளையாடுவதைப் படம்பிடித்து அவர்களுக்கே காட்டிப் பேசினர். பிள்ளையின் குறிப்பறிந்து பெற்றோர் மறுமொழி தருவது அதனால் மிகுந்தது. பிள்ளைகளும் தாமே தொடர்புகொள்ள முன்வந்தனர். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறிப்பிடும் இருபத்தொரு குறைபாடுகளில் ஆட்டிசமும் ஒன்றாதலால், பெற்றோரைச் சான்றிதழ் பெறத் தூண்டுவதும் ஆயரின் பணியே.

ஆலயத்தில் என்ன செய்வது என்று சபைக் குழுவில் நீண்ட வாக்குவாதம் நடந்தது. பிள்ளைக்குத்தானே பயிற்சி, நமக்கெதற்கு என்றார் ஒரு மூப்பர். முடிவில் இடப்புறக் கடைசி ஒலிபெருக்கியை மட்டும் நிறுத்தினோம். அப்பக்கம் அமரும் முதியோர் இருவர், பிரசங்கம் கேட்கவில்லை என்று இன்றும் முறையிடுகின்றனர். அவர்களை முன்வரிசைக்கு அழைத்திருக்கிறேன், இன்னும் வரவில்லை. பையன் இப்போது இரண்டாம் பாட்டு வரை உள்ளே இருக்கிறான். பிறகு அட்டையைத் தந்தையின் கையில் வைக்கிறான்.