ஒரு ஹெட் மட்டும் ஏன் சுடுகிறது?

சென்ற வாரம் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வெந்நீரில் போட்டுப் பார்த்தோம். அது ஒழுங்காகத் திறக்கிறது, ஆனாலும் ஒரு வி8 இன்ஜினில் இடது ஹெட் 90 டிகிரி, வலது ஹெட் 108 டிகிரி காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். இதைக் கேட்டதும் ரேடியேட்டரில் கை வைப்பவர்கள்தான் அதிகம். ரேடியேட்டர், ஃபேன், தெர்மோஸ்டாட் எல்லாம் இரண்டு ஹெட்டுக்கும் பொது. அவற்றில் கோளாறு இருந்தால் இரண்டும் சேர்ந்துதான் சுடும். ஒரு பக்கத்துக்கு மட்டும் உரியது எது என்று தேட வேண்டும்.

முதல் சந்தேகம் சென்சார் மேல். ஒயர்களை மாற்றாமல் இரண்டு சென்சாரையும் மட்டும் இடம் மாற்றிப் போடுங்கள். கூடுதல் சூடு அடுத்த மீட்டருக்குத் தாவினால் ஹெட்டில் குற்றமில்லை. இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஒற்றை ஒயர் சென்சாருக்கு அதன் மரைதான் எர்த். ஒழுகக்கூடாதென்று அதில் டெஃப்லான் டேப்பைத் தாராளமாகச் சுற்றியிருந்தால் மின்தடை கூடும், மீட்டர் குறைவாகக் காட்டும். அதாவது பொய் சொல்வது 'குளிர்ந்த' ஹெட்டாகவும் இருக்கலாம்!

இன்ஃப்ராரெட் துப்பாக்கியையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். பளபளக்கும் வெற்று அலுமினியத்தில் அது உண்மையைவிட மிகக் குறைவாகக் காட்டும். இரண்டு ஹெட்டிலும் ஒரே இடத்தில் சூடு தாங்கும் கறுப்புப் பெயின்ட் ஒரு பொட்டு வைத்துவிட்டு அளக்கலாம்.

முள் நிலையில்லாமல் துள்ளினால் உள்ளே காற்று தங்கியிருக்கும். வண்டியின் மூக்கைத் தூக்கி நிறுத்தி, நிதானமாகக் கூலன்ட் நிரப்பினால் பெரும்பாலும் சரியாகிவிடும். குமிழி நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் சிலிண்டரில் எரிந்த வாயு கூலன்ட்டுக்குள் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கான சோதனைத் திரவம் நீலத்திலிருந்து மஞ்சளானால் ஹெட் கேஸ்கட் போய்விட்டது, அல்லது ஹெட்டிலேயே விரிசல் விழுந்துவிட்டது.

இதெல்லாம் பார்த்தும் விடை கிடைக்காவிட்டால் கூலன்ட் போகும் பாதைக்கு வருவோம். 1962-ல் வந்த ஃபோர்டு ஸ்மால் பிளாக் இன்ஜின் இதற்கு நல்ல பாடம். மஸ்டாங்கில் ஓடிய 289, 302 இன்ஜின்கள் எல்லாம் இந்தக் குடும்பம்தான். பம்ப் தள்ளும் கூலன்ட் பிளாக்கின் முன்னால் நுழைந்து, சிலிண்டர்களைச் சுற்றிக்கொண்டு பின்கோடிக்குப் போகும். அங்கே கேஸ்கட்டின் பெரிய துளைகள் வழியாக ஹெட்டுக்கு ஏறி, ஹெட்டுக்குள் முன்னோக்கி வந்து, இன்டேக் மேனிஃபோல்டு வழியே வெளியேறும். அந்தப் பெரிய துளைகள் பின்னால்தான் இருந்தாக வேண்டும். அதற்காகவே கேஸ்கட்டில் 'ஃப்ரன்ட்' என்று அச்சடித்திருப்பார்கள். இரண்டு பக்கத்துக்கும் ஒரே கேஸ்கட்தான், அதனால் அவசரத்தில் ஒன்றை முன்பின் மாற்றி மாட்டிவிடுவது எளிது. போல்ட் எல்லாம் அழகாகப் பொருந்தும், ஒழுகவும் ஒழுகாது.

ஆனால் அந்தப் பக்கம் கூலன்ட் முன்னாலேயே மேலேறி, வந்த சுவடு தெரியாமல் வெளியேறிவிடும். பின் சிலிண்டர்கள் காயும். சென்சார் முன்னால் இருந்தால் இது தெரியவே தெரியாது. எனவே ஒவ்வொரு ஹெட்டிலும் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் தனித்தனியாக அளந்து ஒப்பிடுங்கள்.

ஹெட்டைக் கழற்றும் முன் டார்ச் அடித்துப் பாருங்கள். சரியாக மாட்டிய கேஸ்கட்டின் சதுர மூலை, பிளாக்கின் முன்புறக் கீழ் ஓரத்தில் துருத்திக்கொண்டு தெரியும். ஒரு பக்கம் அது முன்னாலும் மறுபக்கம் பின்னாலும் இருந்தால் ஸ்பேனரை எடுக்கலாம். புது கேஸ்கட் போடுவதற்குள் ஹெட் வளைந்திருக்கிறதா என்று நேர்விளிம்பு வைத்துப் பார்த்துவிடுங்கள். அந்தச் சோதனையை அடுத்த வாரம் செய்வோம்.

(தொடரும்)