இழுப்பெல்லாம் வலிப்பு அல்ல

எம்.எஸ். எனப்படும் மல்டிபிள் ஸ்கிலிரோசிஸ் நரம்பு நோயில் பார்வை மங்கல், மரத்துப்போதல் ஆகியவற்றோடு அசைவுக் கோளாறுகளும் வருகின்றன. கை நடுக்கம், நடையில் தள்ளாட்டம், திடீர் இழுப்பு, இரவில் கால்களை அசைத்துக்கொண்டே இருக்கத் தூண்டும் குடைச்சல் ஆகியவை இவற்றுள் முக்கியமானவை. நோய் பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் தொடங்குகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம். கெலவரப்பள்ளியிலிருந்து ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டை வரை ஷிப்ட் வேலைக்குப் போகும் பலருக்கும் ஏறக்குறைய இதே வயதுதான்.

மங்களூரில் எடுத்த கணக்கின்படி லட்சத்துக்கு ஏறத்தாழ 8 பேருக்கு இந்நோய் உண்டு. நோய் அரிது என்பதால்தான் ‘நரம்புத் தளர்ச்சி’, ‘வலிப்பு’, ‘காத்து கருப்பு’ என்று வேறு பெயர்களில் பல மாதங்கள் ஓடிவிடுகின்றன.

நடுக்கமும் தள்ளாட்டமும்

எம்.எஸ். நடுக்கம் கை ஓய்ந்திருக்கும்போது தெரியாது. டம்ளரை எடுத்து வாயருகே கொண்டுபோகும்போது கூடும், காப்பி சிந்தும். பார்க்கின்சன் நோயில் இது தலைகீழ்: கை சும்மா இருக்கும்போதுதான் நடுங்கும். பிரெஞ்சு மருத்துவர் ஷார்கோ 1868-லேயே இந்த வேறுபாட்டைக் கொண்டு இரண்டு நோய்களையும் பிரித்துக் காட்டினார். சிறுமூளைப் பாதைகள் கெடும்போது நடை தள்ளாடும், பேச்சு குழறும். தொழிற்சாலை வாசலில் இப்படி ஒருவர் நின்றால் குடித்துவிட்டு வந்ததாகத்தான் எண்ணுவார்கள். வேலை போன பிறகு நோய் தெரிந்து என்ன பயன்?

இழுப்பும் இரும்புச் சாவியும்

எம்.எஸ். இழுப்பில் ஒரு கையோ காலோ விறைத்து முறுக்கிக்கொள்ளும். வலி கடுமையாக இருக்கும். சில விநாடிகள் தொடங்கி இரண்டு நிமிடம் வரை நீடித்து விட்டுவிடும். ஒரே நாளில் பல முறை வரலாம். முழு நேரமும் நினைவு தெளிவாக இருக்கும். பார்ப்பவர்கள் இதை ஃபிட்ஸ் என்று கையில் இரும்புச் சாவியைத் திணிக்கிறார்கள். இழுப்பு தானாக அடங்குகிறது, பெயர் சாவிக்குப் போகிறது. சாவி உண்மையான வலிப்பையே நிறுத்தாது.

இன்னொரு குழப்பமும் உண்டு. வலிப்புக்குத் தரும் கார்பமாசெபின் மாத்திரை சிறிய அளவிலேயே இந்த இழுப்பையும் அடக்கிவிடும். அதனால் ‘வலிப்புதான்’ என்ற முடிவு உறுதிப்பட்டுவிடுகிறது. உள்ளே உள்ள நோயை யாரும் தேடுவதில்லை.

ஊசி, ஒத்தடம், தாயத்து

எம்.எஸ். பெரும்பாலானவர்களுக்குத் தொடக்கத்தில் வந்து வந்து போகும் நோய். ஒரு தாக்குதல் சில வாரங்களில் தானாகவே தணிவதுண்டு. அந்த நேரத்தில் கடைசியாகக் கை வைத்தவர் எவரோ, அவரே குணப்படுத்தியவர் ஆகிறார்: சுளுக்கு எடுத்தவர், தாயத்து கட்டியவர், ‘நரம்பு ஊசி’ போட்டவர். பி12 குறைபாடு உள்ளவருக்கு அந்த ஊசி தேவை, எம்.எஸ். தாக்குதலை அது நிறுத்தாது.

இவற்றில் மிக மோசமானது மருந்துக்கடை ஸ்டீராய்டு. தாக்குதலின்போது மருத்துவமனையில் மெத்தில்பிரெட்னிசலோன் நாளொன்றுக்கு 1 கிராம் வீதம் 3 முதல் 5 நாள் சிரைவழி ஏற்றுவது ஒரு முறையான சிகிச்சை. அதுவும் தாக்குதலைச் சுருக்குமே தவிர நோயை மாற்றாது. பழைய சீட்டைக் காட்டி மாதக்கணக்கில் டெக்ஸாமெத்தசோன் வாங்கி விழுங்குவது சிகிச்சை ஆகாது. சர்க்கரை ஏறும், தொற்று வரும், இடுப்பு எலும்பு நசியும்.

மரத்த காலுக்குச் சூடு தெரியாது. ஒத்தடம் கொடுத்துத் தோல் வெந்து வருபவர்கள் உண்டு. விறைப்புக்குத் தரும் பேக்லோஃபென் மாத்திரையை ‘சரியாகிவிட்டது’ என்று திடீரென நிறுத்தினால் உண்மையிலேயே வலிப்பு வரலாம். உட்பொருள் தெரியாத பஸ்பங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

 

பரிசோதனை

மூளை, தண்டுவட எம்.ஆர்.ஐ.; தேவைப்பட்டால் தண்டுவட நீர், ரத்தத்தில் அக்வாபோரின்-4 எதிர்ப்பொருள். கடைசிச் சோதனையைத் தவிர்க்க வேண்டாம்: அது காட்டித்தரும் நியூரோமைலைட்டிஸ் ஆப்டிகா (என்.எம்.ஓ.) நோயிலும் இதே இழுப்பு வரும், எம்.எஸ். மருந்துகள் சில அந்த நோயை முற்றவைக்கும்.

உலைச் சூடு

உடல் சூடேறினால் பழைய அறிகுறிகள் தற்காலிகமாகக் கூடும். ஜெர்மன் கண் மருத்துவர் ஊதாஃப் 1890-இல் எழுதிய இந்த விளைவு புதிய தாக்குதல் அல்ல, குளிர்ந்தால் தணியும். ஆனாலும் வார்ப்பட உலையருகே நிற்பவர் வேறு பிரிவுக்கு மாற்றம் கேட்பதே நல்லது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப் பட்டியலில் எம்.எஸ். இருக்கிறது; உரிய அளவு பாதிப்பு இருந்தால் சான்றிதழ் பெறலாம்.

ஒரு வேண்டுகோள்

நோயைக் கட்டுப்படுத்தும் மருந்துகள் அடுத்த தாக்குதலைத் தடுக்கவே உதவுகின்றன; போன நடையை மீட்டுத் தருவதில்லை. மரத்துப்போதல், பார்வை மங்கல், தள்ளாட்டம் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று ஒரு நாளைத் தாண்டினால் தயவுசெய்து மருந்துக்கடைக்குப் போக வேண்டாம். இழுப்பு வரும்போது சாவியைத் தேடும் கை, செல்போனை எடுத்து வீடியோ பிடிக்கட்டும். பெங்களூருவில் ஓசூர் சாலையிலேயே நிமான்ஸ் மருத்துவமனை இருக்கிறது, ஓசூரிலிருந்து 40 கிலோமீட்டருக்குள். அந்த வீடியோவோடு நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள்.