ஒரே உணவு, வேறு வேறு சுவை

வீட்டார் அனைவரும் விரும்பி உண்ணும் ரசம் நோயாளிக்கு மட்டும் கசப்பது ஏன்? சுவையுணர்வு எல்லாருக்கும் ஒன்றுபோல் அமைவதில்லை.

1931ஆம் ஆண்டு, அமெரிக்க வேதியியலாளர் ஆர்தர் ஃபாக்ஸ் தம் ஆய்வகத்தில் பி.டி.சி. என்னும் பொடியைக் கையாண்டபோது அது காற்றில் பறந்தது. உடனிருந்தவர் கசக்கிறது என்றார். ஃபாக்ஸுக்கோ எச்சுவையும் தெரியவில்லை. இவ்வேறுபாடு பெரும்பாலும் ஒரு மரபணுவால் பிறவியிலேயே அமைவது எனப் பின்னர் தெளிவாயிற்று.

சுவையுணர்வை அளக்கவும் இயலும். இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கசப்பு ஆகியவற்றை வெவ்வேறு செறிவில் ஏற்றிய தாள் பட்டைகளை நாவில் வைத்து, எந்தச் செறிவில் சுவை புலப்படுகிறது என்று கண்டறிவர்.

நோயும் மருந்தும் சுவையை மாற்றக்கூடும். புற்றுநோய் மருந்துகள், துத்தநாகக் குறைவு, வாய் உலர்தல் ஆகியவற்றால் உணவு கசக்கலாம், சப்பென்று இருக்கலாம், உலோகச் சுவையும் தோன்றலாம்.

ஆகவே, "எங்களுக்கு நன்றாகத்தானே இருக்கிறது" என்று நோயாளியை வற்புறுத்தாதீர்கள். அவர் நா உணர்வதையே அவர் சொல்கிறார். சுவை குன்றியதென்று உப்பையோ சர்க்கரையையோ கூட்டாமலும், மருந்தை நீங்களாக நிறுத்தாமலும், மருத்துவரிடம் தெரிவியுங்கள்.