நாடிக்கு ஊசி: அறிந்தபின் முடிவெடுப்போம்

"கலியாணம் பேச முன்னம் நாடியைக் கொஞ்சம் எடுப்பாக்கலாமாம் அக்கா, ஒரு ஊசிதானாம்." மகளிர் குழுக்களில் இளம்பெண்கள் என்னிடம் இப்படிக் கேட்கிறார்கள். ஷெல் காயத்தின் தழும்பை நாடியில் சுமப்பவர்களும் கேட்கிறார்கள். இவர்களை ஏசுவதில் எனக்கு உடன்பாடில்லை. பெண்ணின் முகத்தைப் பார்த்தே விலை பேசுகிற சமூகத்தில் இக்கேள்வி எழாமல் இருக்குமா? ஆனால் உண்மையை அறிந்தபின் முடிவெடுப்போம்.

நாடிக்குப் போடும் ஊசிகள் எல்லாம் ஒன்றல்ல. சிறிய நாடியை எடுப்பாக்க ஹயலூரோனிக் அமிலம் கொண்ட 'பில்லர்' ஏற்றுவார்கள். இவ்வகை மருந்தொன்றை நாடிக்கென அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2020 இல் அனுமதித்தது. இரட்டை நாடிக் கொழுப்பைக் கரைக்கும் டிஒக்சிகோலிக் அமில ஊசிக்கு 2015 இல் அனுமதி கிடைத்தது. நாடித் தசையைத் தளர்த்தும் பொட்டுலினம் ஊசியின் பலன் சுமார் 3, 4 மாதங்களே. பில்லரும் காலப்போக்கில் கரைந்துவிடும். பலன் நீடிக்க வேண்டுமானால் திரும்பவும் பணம் கட்ட வேண்டும்.

ஆபத்தும் உண்டு. பில்லர் இரத்தக்குழாய்க்குள் சென்று அடைத்தால் அவ்விடத்துத் தோல் அழுகலாம். அரிதாகக் கண்பார்வையும் பறிபோகலாம். ஊசியின்பின் கடும் வலி, தோல் வெளிறுதல், பார்வை மங்குதல் ஏற்பட்டால் உடனே வைத்தியசாலைக்கு ஓடுங்கள். ஹயலூரோனிக் அமிலத்தைக் கரைக்க ஹயலூரோனிடேஸ் என்ற மாற்றுமருந்து உண்டு. திரவ சிலிக்கோனுக்கு அப்படி எதுவுமில்லை. அது இடம்பெயர்ந்து கட்டியாகலாம். ஊசியில்லாத 'பேனா'க்களால் பில்லர் ஏற்றுவதையும் அதே நிர்வாகம் 2021 இல் எச்சரித்தது.

ஆகவே சகோதரிகளே, அழகுநிலையக் கதிரையில் இருந்து ஊசி போடவேண்டாம். போடுபவர் இலங்கை மருத்துவ சபையில் பதிவுசெய்த வைத்தியரா, மருந்தின் பெயர் என்ன, காலாவதித் திகதி எப்போது, மாற்றுமருந்து கைவசம் உள்ளதா என்று கேளுங்கள். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் தவிர்ப்பதே நல்லது.

ஷெல் தழும்புள்ளவர்கள் முதலில் அரச வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். உள்ளே இரும்புத் துண்டு இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை நிபுணரிடம் அனுப்பும்படி கேளுங்கள். அங்கு சிகிச்சை இலவசம். காயத்துக்கு மருந்து தேடுவது ஆடம்பரம் அல்ல, உங்கள் உரிமை.

ஆனால் நாடியைக் குறைசொல்லும் மாப்பிள்ளை வீட்டாருக்காக, வட்டிக்குக் கடன்பட்டு ஊசி போடாதீர்கள். ஊசி கரைந்த பின்னும் கடன் கரையாது.