ஒரு புட்டி மலைத்தேன்

"மலைத்தேன் அம்மா, மலைத்தேன்!" என்று வாசலில் குரல் கேட்டால் நாம் என்ன செய்கிறோம்? முதலில் சந்தேகம், பிறகு பேரம்! அந்தத் தேன் நம் வீட்டுக்கு எப்படி வந்து சேருகிறது தெரியுமா?

கோயம்புத்தூரிலிருந்து மேட்டுப்பாளையம் போய் மலையேறினால் கோத்தகிரி. அந்தப் பக்கத்துச் செங்குத்துப் பாறைகளில், கோடையில் பெருந்தேனீக்கள் முறம் முறமாக அடை கட்டித் தொங்கவிடுகின்றன. இருளரும் குறும்பரும் காட்டுக் கொடிகளில் ஏணி பின்னி, புகை மூட்டி, இருட்டில் இறங்கித் தேன் எடுக்கிறார்கள். கீழே அதல பாதாளம்! மேலே ஏணிக்குக் காவல் பெரும்பாலும் மைத்துனர்தான். உடன்பிறந்தவளின் தாலியில் அவரைவிட யாருக்கு அக்கறை இருக்கும்?

அடையின் மேற்பகுதியில் தேன். அதன் கீழே புழுக்கள். அவைதாம் நாளைய தேனீக்கள். தேன் உள்ள பகுதியை மட்டும் அறுத்தால் கூட்டம் பிழைக்கும். அடையை முழுவதும் அறுத்துப் பிழிந்தால் அந்தத் தலைமுறையே போயிற்று. தேனீ குறைந்தால் காட்டு மரங்களில் காய் ஏது, கனி ஏது?

இதற்கும் விலைக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? முன்பணம் கொடுத்த வியாபாரி அடிமாட்டு விலைக்கு வாங்கினால், வயிற்றுப்பாட்டுக்காகக் கிடைத்ததையெல்லாம் பிழியத்தான் தோன்றும். நியாயமான விலை வந்தால், பொறுமையாக அறுத்துப் பாதியை விட்டுவைக்க மனம் வரும்.

காட்டில் தேனும் நெல்லியும் சீயக்காயும் சேகரித்து விற்கும் உரிமையை 2006-ம் வருஷத்து வன உரிமைச் சட்டம் பழங்குடியினருக்கு உறுதி செய்தது. கோத்தகிரியில் 1990-களிலிருந்து பணிபுரியும் கீஸ்டோன் ஸ்தாபனம் தேனைச் சுத்தமாக எடுத்து வடிகட்டப் பயிற்சி தந்தது. 2013-ல், பழங்குடியினரே பங்குதாரர்களாக 'ஆதிமலை' என்ற உற்பத்தியாளர் கம்பெனி உருவாயிற்று. சரக்கைத் தரம் பிரித்துப் பக்குவம் செய்யும் வேலையில் பெண்களுக்கும் ஊரிலேயே வருமானம்! 2021-ல் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் ஈக்வேட்டர் பரிசு இந்தக் கம்பெனியைத் தேடி வந்தது.

வாங்கும்போது இரண்டு விஷயங்களை நினைவில் வையுங்கள். மலைத்தேனில் நீர்ப்பதம் அதிகம். ஆகவே நாளானால் நுரைக்கலாம். நாவல் பூக்கும் பருவத்துத் தேன் இலேசாகக் கசக்கும். இவற்றை வைத்துக் கலப்படம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

அடுத்த முறை தேன் வாங்கும்போது, "என்ன விலை?" என்பதோடு, "புழு அடையை விட்டுவைத்தீர்களா?" என்றும் கேளுங்கள். ஆம் என்று பதில் வந்தால், பேரம் பேசாமல் பணத்தைக் கொடுங்கள்.