உடம்புக்குள்ள ஒரு காயலான் கடை

இன்னைக்கு மண்ணீரல். இடது விலா எலும்புக்கு அடியில, சுமார் 150 கிராம்.

ஒரு சிவப்பணுவோட ஆயுள் ஏறத்தாழ 120 நாள். வயசானது மண்ணீரலோட குறுகலான சந்துல வளைய முடியாம மாட்டிக்கும். அங்க இருக்கிற மேக்ரோஃபேஜ் செல்கள் அதை முழுங்கி, இரும்பைத் தனியா பிரிச்சு, எலும்பு மஜ்ஜைக்கு அனுப்பிடும். கல்லீரலும் இதுக்குக் கூட்டு. இப்படி தினமும் 20 மில்லிகிராமுக்கு மேல இரும்பு திரும்பக் கிடைக்குது. சாப்பாட்டிலிருந்து உடம்புல சேர்றது 1, 2 மில்லிகிராம்தான்!

திருமலைராயன்பட்டினம் வழியா காரைக்கால்–நாகை ரோட்டுல பைக் ஓட்டுறவங்க கவனிங்க. விழுந்து வயித்துல அடிபட்டா அதிகம் கிழியற உறுப்புகள்ல மண்ணீரலும் ஒண்ணு. வெளியில காயம் தெரியாமலே உள்ளுக்குள்ள ரத்தம் கசியலாம். வயித்து வலி, இடது தோள் வலி, தலைசுத்தல் இருந்தா உடனே ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க.

மண்ணீரலை எடுத்துட்டா? இரும்பு வேலையைக் கல்லீரல் பார்த்துக்கும். ஆனா நிமோகாக்கஸ் மாதிரி கிருமிகளை ரத்தத்திலிருந்து வடிகட்டுற வேலைக்கு முழுசா மாற்று இல்லை. அதனால டாக்டர் சொல்ற தடுப்பூசிகளை விடாம போட்டுக்கணும். காய்ச்சல் வந்தா ‘காலையில பார்த்துக்கலாம்’னு படுத்துடாதீங்க, சில மணி நேரத்துலயே உயிருக்கு ஆபத்தாகலாம். எந்த டாக்டர்கிட்ட போனாலும் முதல்ல சொல்ல வேண்டியது: ‘எனக்கு மண்ணீரல் இல்லை.’