உங்களுக்குத் தெரியுமா? கொல்லிமலைக்கு எம்.பி. ஆன கோழிப்பண்ணைக்காரர்

2019-இல் கொல்லிமலையையும் உள்ளடக்கிய நாமக்கல் தொகுதி டெல்லிக்கு அனுப்பிய ஏ.கே.பி. சின்ராஜ், கோழிப்பண்ணைத் தொழிலிலிருந்து வந்தவர். கட்சி, கொங்குநாடு மக்கள் தேசிய கட்சி. நின்றதோ தி.மு.க.வின் உதயசூரியன் சின்னத்தில். அதனால் மக்களவைப் பதிவேட்டில் அவர் தி.மு.க. உறுப்பினர்!

• வாங்கிய வாக்கு 6,26,293. அ.தி.மு.க.வின் பி. காளியப்பனைவிட 2,65,151 அதிகம்.

• முட்டைக்குப் பேர்போன நாமக்கல்லுக்கு அப்போது முட்டைத் தொழிலின் நெளிவு சுளிவு தெரிந்தவரே எம்.பி.! தீவன விலை ஏறினாலும் சரி, முட்டை விலை இறங்கினாலும் சரி, முதல் அடி பண்ணைக்காரருக்குத்தான்.

• தமிழகத்தில் பழங்குடியினருக்கான சட்டமன்றத் தொகுதிகள் இரண்டே: ஏற்காடு, சேந்தமங்கலம். கொல்லிமலை சேந்தமங்கலத்தில் வருகிறது. மக்களவைக்கு அப்படி ஒரு தனித்தொகுதிகூட இங்கே இல்லை. ஆகவே மலைவாழ் மக்களின் குறைகளை நாடாளுமன்றத்தில் சொல்லவேண்டியவர் நாமக்கல் எம்.பி.தான். அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிவந்து அவர் நேரில் கேட்பது அவசியம்.

• 2024-இல் அதே கட்சி, அதே சின்னம். ஆள் மட்டும் வேறு. வி.எஸ். மாதேஸ்வரன் 29,112 வாக்கு வித்தியாசத்தில் வென்றார்.